கண்ணுக்குள் கொசுவம்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். அங்குள்ள அரங்குளநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. சித்திரை வெயில் கொளுத்தும் நண்பகலில் அதற்குள் நுழைந்து பாருங்கள். முதலில் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்படியே நின்றால் முதலில் கருவறை விளக்கு துலங்கும். பிறகு தூண்கள், அப்புறம் தூணில் இருக்கும் சிற்பங்கள், கடைசியாக மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. (இந்த ஊர்ச் செப்புத்திருமேனியான சதுர தாண்டவ நடராசரைத் தேடினால் எவ்வளவு நேரம் நின்றாலும் கிடைக்க மாட்டார். அவர் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில், நல்ல மின்விளக்கு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்.)

கண் இருட்டுக்குப் பழகுவது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம்தான். ஆனால் சிலருக்கு அது பழகுவதே இல்லை. பகலில் ஒழுங்காக வயல்வேலை பார்ப்பார்கள், பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பார்கள். விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் வாசற்படியைக் கூடத் தடவித்தான் இறங்குவார்கள். மாலைக்கண் என்கிறோம். வீட்டில் உடனே ஆட்டு ஈரல் சமைத்துப் போடுவார்கள், முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொடுப்பார்கள். சிலருக்குச் சில வாரங்களில் பார்வை திரும்பிவிடும். இன்னும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஈரல் தின்றாலும் ஒரு மாற்றமும் இருக்காது. போகப்போகப் பக்கவாட்டில் வருகிற மாடும் மனிதரும் தெரியாமல் போவார்கள். பார்வை குறுகிக்கொண்டே வரும்.

ஒரே பெயரில் அழைக்கிறோமே தவிர, இவை இரண்டு வேறு நோய்கள். முதல் வகையில் கண்ணுக்கு ஒரு சரக்கு தட்டுப்படுகிறது. இரண்டாவது வகையில் பெரும்பாலும் சரக்குக்குக் குறைவில்லை, அதை வைக்கிற இடத்தின் கட்டமைப்பிலோ வேறெங்கோ கோளாறு. அந்தக் கட்டமைப்பைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

சரக்கு எதுவென்று முதலில் பார்த்துவிடலாம். 1876இல் பிரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர், இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். செக்கச்சிவந்திருந்த அது கண்ணெதிரே வெளுத்துப்போனது. அந்தச் செந்நிறப் பொருளுக்கு இன்று ரொடாப்சின் என்று பெயர். ஆப்சின் என்ற புரதமும், வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்தது அது. ஒளி பட்டதும் ரெட்டினால் வளைவு நீங்கி நிமிரும். அந்த அசைவே பார்வையின் முதல் எட்டு. நிமிர்ந்த ரெட்டினால் கழன்றுபோய், மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பி வர வேண்டும். வெயிலில் பெருவாரியான ரொடாப்சின் வெளுத்துக் கிடப்பதால்தான் கோயிலுக்குள் நுழைந்ததும் திணறுகிறோம். கண் முழுமையாக இருட்டுக்குப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உணவில் வைட்டமின் ஏ இல்லையென்றால் ரொடாப்சின் குறைந்து மாலைக்கண் வரும். ஈரல் கொடுத்தால் தீரும்.

இனி இடத்துக்கு வருவோம். விழித்திரையில் மங்கல் ஒளிக்கான குச்சி செல்கள் ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 12 கோடி. பகலுக்கும் நிறத்துக்குமான கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். குச்சி செல் நீளவாக்கில் இருக்கும். அதன் ஒரு முனையில் நரம்புத் தொடர்பு, நடுவே உட்கரு, மறு முனையில் ஒளியைப் பிடிக்கும் பகுதி. இந்தக் கடைசிப் பகுதியை வெளித்துண்டு என்று சொல்லிக்கொள்வோம். செல்லின் உடலிலிருந்து வெளித்துண்டுக்குப் போகிற ஒரே வழி, குற்றிழை என்ற மெல்லிய தண்டுதான். 1950களின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த பிரிட்டியோப் சோஸ்ட்ராண்ட் மின்னணு நுண்ணோக்கியில் வெளித்துண்டைப் பார்த்தபோது, உள்ளே தட்டையான சவ்வுத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு குச்சி செல்லுக்குச் சுமார் ஆயிரம் தட்டுகள். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் முப்பதாயிரம் தட்டுகளை அடுக்கிவிடலாம், அவ்வளவு மெல்லியவை.

எதற்கு இத்தனை அடுக்கு? ரொடாப்சின் நீரில் கரைந்து மிதக்கிற புரதம் அல்ல. சவ்வுக்குள் பதிந்துதான் அதனால் இருக்க முடியும். ஆகவே நிறைய ரொடாப்சின் வேண்டுமென்றால் நிறையச் சவ்வு வேண்டும். ஒற்றைச் சவ்வைக் கடந்துபோகும் ஒளித்துகள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகச் சொற்பம். ஆயிரம் தட்டுகளில், அதாவது இரண்டாயிரம் சவ்வுகளில் தப்புவது கடினம். ஒரு தட்டின் விட்டம் ஒரு மீட்டரில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கண்ணின் குச்சி செல் தட்டுகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால் முக்கால் சதுர மீட்டர் அளவுக்கு வருகிறது. தோராயக் கணக்குதான், ஆனாலும் விழித்திரையின் பரப்பே பத்துப் பதினொரு சதுர சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு துணியை இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அடக்குவது? சேலை கட்டுகிறவர்களுக்கு விடை தெரியும்: கொசுவம் வைக்க வேண்டும். விரலால் துணியை முன்னுக்கு இழுத்து, மடித்து, அடுத்த மடிப்பை அதே அகலத்தில் அதன்மேல் சேர்த்து, விளிம்புகள் கலையாமல் ஊக்குக் குத்த வேண்டும். வெளித்துண்டிலும் இதுதான் நடக்கிறது. குற்றிழையின் சவ்வு பக்கவாட்டில் புடைத்துத் தட்டையாக நீள்கிறது. அதற்குக் கீழே அடுத்தது, அதற்கும் கீழே இன்னொன்று. கூம்பு செல்களில் இந்த மடிப்புகள் கடைசிவரை திறந்த கொசுவமாகவே இருக்கின்றன. குச்சி செல்களிலோ அடுத்தடுத்த மடிப்புகளின் விளிம்புகள் சுற்றிலும் இணைந்து மூடி, ஒவ்வொன்றும் தனித் தட்டாகக் கழன்று உள்ளே போய்விடுகிறது.

இதையெல்லாம் யாரும் நேரில் உட்கார்ந்து பார்க்கவில்லை. உயிருள்ள கண்ணுக்குள் இந்த அளவில் பார்க்கும் கருவி இல்லை. அப்படியானால் எப்படித் தெரிந்தது?

1967இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் யங் ஓர் எளிய சோதனை செய்தார். எலி, தவளை முதலிய விலங்குகளுக்குக் கதிரியக்க அடையாளம் இட்ட அமினோ அமிலங்களை ஊசியில் ஏற்றினார். அமினோ அமிலங்கள் புரதத்தின் மூலப்பொருள்கள் என்பதால், அன்றைக்குப் புதிதாக உருவாகும் புரதத்தில் அடையாளம் ஏறிவிடும். அடுத்தடுத்த நாள்களில் விழித்திரைகளை எடுத்துப் பார்த்தார். முதல் நாள் வெளித்துண்டின் அடியில் ஒரு கோடாக அடையாளம் தெரிந்தது. நாள் போகப்போக அந்தக் கோடு மேலே ஏறியது. எலிகளில் பத்து நாளில் நுனியைத் தொட்டு மறைந்துபோனது. தட்டுகள் அடியில் பிறக்கின்றன, அடுக்கில் ஏறுகின்றன, நுனியில் உதிர்கின்றன. உதிர்ந்ததைப் பக்கத்திலிருக்கும் நிறமிச் செல்கள் விழுங்கிச் செரிக்கின்றன என்பதை 1969இல் யங்கும் டீன் பாக்கும் காட்டினார்கள். ஆக, நம் ஒவ்வொரு குச்சி செல்லும் தினமும் பத்தில் ஒரு பங்கை இழந்து, அதே அளவைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. இறக்கும்வரை இந்த வேலை ஓய்வதில்லை.

அடியில் பிறக்கிறது, சரி. எப்படிப் பிறக்கிறது? இதில்தான் நெடுநாள் சண்டை. 1980இல் ஸ்டைன்பர்க், பிஷர், ஆண்டர்சன் மூவரும் சவ்வு வெளிப்பக்கம் புடைத்து மடிகிறது என்றார்கள், மேலே சொன்ன கொசுவக் கதை அவர்களுடையது. வேறு சிலர் அதை ஏற்கவில்லை. செல்லுக்குள் இருந்து குட்டிச் சவ்வுப் பைகள் வந்து ஒன்றோடொன்று ஒட்டித் தட்டாகின்றன என்றார்கள். 2007இல் வெளியான ஆய்வு ஒன்று பைக்கட்சிக்கு வலுச் சேர்த்தது. அவர்கள் காட்டிய நுண்ணோக்கிப் படங்களில் அடிப்பகுதியில் பைகள் தெரியவே செய்தன.

2015இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக இதைத் தீர்த்தன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாடிம் அர்ஷாவ்ஸ்கி குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. டானிக் அமிலம் கலந்த சாயத்தை விழித்திரைத் துணுக்கில் ஊற்றினார்கள். செல்லுக்கு வெளியே திறந்திருக்கும் மடிப்புகளுக்குள் சாயம் புகுந்து அவை கறுத்துத் தெரியும். மூடிய தட்டுக்குள் அது அவ்வளவாகப் புகாது. படத்தில் அடியிலிருந்த சில மடிப்புகள் மட்டும் கறுப்பாகவும், மேலே உள்ள தட்டுகள் எல்லாம் வெளிறியும் இருந்தன. புதிய தட்டு திறந்த மடிப்பாகத்தான் தொடங்குகிறது. பைகள்? திசுவைப் பதப்படுத்தும்போது காயம்பட்ட இளம் மடிப்புகள் சிதைந்து பைபோல உருண்டுவிட்டன. முப்பத்தைந்து ஆண்டுச் சண்டையில் பாதிக்குப் பதப்படுத்திய விதமே காரணம் என்பது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களைத் தூங்கவிடாத செய்தி.

இனி, கொசுவம் வைக்கும் விரல் எது, ஊக்கு எது?

ஊக்கு முதலில் கிடைத்தது, ஓர் எலியின் வழியாக. 1970களில் ஒரு சோதனைக்கூட எலி வகையில் விழித்திரை மெல்ல அழிவது கண்டறியப்பட்டது. அந்த எலிகளின் குச்சி செல்களுக்கு வெளித்துண்டே முளைப்பதில்லை. ரொடாப்சின் தயாராகிறது, அதற்கு இருக்க இடம் இல்லை. பழுதுபட்ட மரபணு 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது உருவாக்கும் புரதம் பெரிபெரின். தட்டின் விளிம்பில் மட்டும் இருக்கும் அது, ராம்-1 என்ற நெருங்கிய உறவுக்காரப் புரதத்தோடு சேர்ந்து விளிம்பைச் சுற்றிச் சங்கிலிபோல் கோத்துக்கொள்கிறது. சவ்வு தட்டையாக இருக்கத்தான் விரும்பும். விளிம்பில் அதைக் கூர்மையாக வளைத்துப் பிடித்துவைப்பது இந்தச் சங்கிலிதான். உறையவைத்த தட்டு விளிம்புகளின் முப்பரிமாணப் படங்களை ஜெர்மனியில் மார்ட்டின்ஸ்ரீட் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டபோது சங்கிலி அணிவகுத்து நிற்பது தெளிவாகத் தெரிந்தது.

ஊக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? மடிப்பு கலைந்து தொங்கும் என்றுதான் நினைப்போம். 2017இல் ராக்கெல் சலினாசும் அர்ஷாவ்ஸ்கி குழுவினரும் அந்தப் பழைய எலியை மறுபடி கூர்ந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. குற்றிழைகளுக்குத் தம் நுனிச் சவ்வைச் சிறுசிறு குமிழிகளாக வெளியே உதறும் பழக்கம் உண்டு. பெரிபெரின் இல்லாத எலியின் குற்றிழை குமிழிகளை உதறிக்கொண்டே இருந்தது. தட்டாக வேண்டிய சவ்வு முழுவதும் அப்படிச் செல்லுக்கு வெளியே குப்பையாகக் குவிந்தது. பெரிபெரினின் வால்பகுதியை மட்டும் ரொடாப்சினோடு ஒட்டிக் கொடுத்தார்கள். உதறல் நின்றது, சவ்வு தங்கியது, ஆனால் ஒழுங்கான தட்டு வரவில்லை. அதாவது ஒரே புரதத்துக்கு இரண்டு வேலை: வால் சவ்வை உதறவிடாமல் தடுக்கிறது, உடல் விளிம்பை வளைக்கிறது. சாதாரணச் செல்லுக்குச் சவ்வை வீசியெறியும் வழக்கம் இருந்தது, அதைத் தடுத்து நிறுத்தியதில் கண்ணுக்கு ஒளிவாங்கி கிடைத்தது. எனக்கு இந்தத் துறையில் இதைவிட அழகான முடிவு வேறில்லை.

விரலின் கதைக்கு இந்தியாவுக்கு வர வேண்டும். நம் நாட்டுக் குடும்பம் ஒன்றில் சிலருக்குச் சிறு வயதிலிருந்தே மாலைக்கண். பிறகு பக்கப்பார்வை போனது, மையப்பார்வையும் கெட்டது. பெற்றோருக்குப் பார்வை நன்றாகவே இருந்தது, பாதிக்கப்பட்டவர்கள் பிள்ளைகள்தான். சென்னை சங்கர நேத்ராலயாவில் கண்நோய் மரபியலை வளர்த்தெடுத்த கோவிந்தசாமி குமாரமாணிக்கவேல், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியன் மாவ், மைக்கேல் டென்டன், ஜெர்மானிய உயிரியலாளர் வீலாண்ட் ஹுட்னர் முதலியோர் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் மரபணுவைத் துருவினார்கள்.

இத்தகைய தேடலுக்குச் சொந்தத்தில் நடக்கும் திருமணம் ஒரு துப்புக் கொடுக்கிறது. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால், இருவருக்கும் பொதுவான தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரே மரபணுத் துண்டு இரு வழியிலும் இறங்கி ஒரு பிள்ளையிடம் சேரலாம். பழுது ஒற்றைப் பிரதியில் இருந்தால் மறைந்தே இருக்கும், தாத்தாவுக்கே தெரிந்திருக்காது. இரண்டு பிரதியும் பழுதாக அமைந்தால் நோய் வெளிப்படும். எனவே பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரிடமும் இரு பிரதியும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் குரோமோசோம் பகுதியைத் தேடினால் குற்றவாளி அங்கேதான் இருக்கும். தேடல் நான்காம் குரோமோசோமில் பிராமினின் என்ற மரபணுவில் போய் நின்றது. அதில் 1878ஆம் இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. மரபணுவை மும்மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும். ஓர் எழுத்து விட்டால் அதற்குப் பின் எல்லாமே தப்பாகப் படிக்கப்பட்டு, விரைவில் நிறுத்தக்குறி வந்துவிடும். புரதம் முக்கால் உடம்போடு அரைகுறையாக நின்றுபோகும்.

பிராமினினை எலியில் ஹுட்னர் குழு 1997இல்தான் கண்டுபிடித்திருந்தது. அது எந்தச் செல்லிலும் சவ்வு புடைத்து நிற்கும் இடங்களைத் தேடிப்போய் உட்காரும் புரதம். விழித்திரையில் எங்கே உட்காருகிறது என்று பார்த்தார்கள். வெளித்துண்டின் அடியில், புதிதாக முளைக்கும் திறந்த மடிப்புகளில் இருந்தது. அரைகுறைப் புரதத்தை வளர்ப்புச் செல்களில் உண்டாக்கிப் பார்த்தபோது அது செல்லின் மேற்பரப்பை எட்டவே இல்லை. இவையெல்லாம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியாயின. தட்டு எப்படிப் பிறக்கிறது என்ற சண்டை முடிய இன்னும் பதினைந்து ஆண்டு இருந்தது. பாருங்கள், அப்போதே இந்தக் குடும்பத்தின் நோய் மடிப்புக் கட்சியின் பக்கம்தான் விரல் நீட்டியது. பிராமினினை நீக்கிய எலிகளில் தட்டுகள் தாறுமாறாக வளர்வதைப் பிற்பாடு கண்டார்கள். மடிப்பை வெளியே தள்ளும் விசை ஆக்டின் என்ற இழைப்புரதத்திடமிருந்து வருகிறது என்பதும், அந்த இழைகளைக் கிளைக்கவைக்கும் புரதத்தை எடுத்துவிட்டால் புதிய தட்டே தொடங்குவதில்லை என்பதும் 2019இல் தெரிந்தன. தள்ளுவது ஆக்டின், மடிப்பின் திறந்த விளிம்பை ஒழுங்கில் வைப்பது பிராமினின், மூடிய விளிம்பைப் பிடிப்பது பெரிபெரின். இவற்றில் எதற்கும் ஒளி தெரியாது.

மரபுவழி விழித்திரை அழிவு நோய்களில் மிகப் பரவலானது, நிறமி படியும் வகை. உலகில் ஏறத்தாழ 4000 பேருக்கு ஒருவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். தென்னிந்தியாவில் நாற்பது வயது கடந்தவர்களிடம் சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் எடுத்து 2008இல் வெளியிட்ட கணக்கில், கிராமப்புறத்தில் 372 பேருக்கு ஒருவர், நகர்ப்புறத்தில் 930 பேருக்கு ஒருவர் என்று வந்தது. சொந்தத்தில் மணப்பது இதற்கு ஒரு காரணம் என்பதில் மருத்துவர்களுக்கு ஐயமில்லை. அதற்காகச் சொந்தத்தில் மணந்த எல்லோரையும் பயமுறுத்துவது தப்பு, அவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது. வெளியில் மணந்துகொண்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுவதும் இல்லை. பெரிபெரினில் ஒரு பழுது, ராம்-1இல் ஒரு பழுது என இரண்டு வெவ்வேறு மரபணுக்களில் ஒவ்வொரு பிரதி மட்டும் கெட்டாலே நோய் வரும் குடும்பங்களை 1994இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒன்று மட்டும் கெட்டவர்களுக்கு நோயே இல்லை. பிராமினின் பழுதிலும் சில வகைகள் ஒற்றைப் பிரதியிலேயே நோயைத் தருகின்றன.

மருத்துவம்? பெரிபெரின் இல்லாத எலிக்கு, தீங்கில்லாத வைரசில் நல்ல மரபணுவை ஏற்றிக் கண்ணுக்குள் செலுத்தினார்கள் லண்டன் ஆய்வாளர்கள், 2000ஆம் ஆண்டில். வெளித்துண்டே இல்லாத செல்களில் தட்டுகள் அடுக்கடுக்காக முளைத்தன. ஊக்கைக் கொடுத்தால் கொசுவம் வரும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். ஆனால் அந்த எலிகளில் செல்கள் அழிவது முழுதாக நிற்கவில்லை, இளம் வயதில் கொடுத்தால்தான் பலன் அதிகம். மனிதருக்கு அனுமதி பெற்ற முதல் விழித்திரை மரபணு மருந்து 2017இல் அமெரிக்காவில் வந்தது. அது ரெட்டினாலை மறுபடி வளைக்கும் நொதியின் பழுதுக்கானது, அதாவது சரக்குப் பக்கத்துச் சிக்கலுக்கு. பெரிபெரின், பிராமினின் பழுதுகளுக்கு அப்படி ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை.

ஆகவே இப்போதைக்குச் செய்யக்கூடியது இதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தி நேரத்தில் தடுமாறினால் கீரையும் ஈரலும் கொடுங்கள், அதில் நட்டமில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். மருத்துவர் சொன்னபடி வைட்டமின் ஏ கொடுத்தும் குணம் தெரியாவிட்டால், அல்லது பக்கத்தில் வைத்த செம்பை உதைத்துக்கொண்டே நடந்தால், விழித்திரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். விழித்திரையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் ஈ.ஆர்.ஜி. சோதனை, குச்சி செல்கள் வேலை செய்கின்றனவா என்பதைக் காட்டிவிடும். தாய், தந்தை வழியில் யாருக்கெல்லாம் இரவில் பார்வை குறைவு, யார் யாரைச் சொந்தத்தில் கட்டினார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மரபணுவைச் சோதிப்பது என்று தீர்மானிக்க மருத்துவருக்கு அந்த வம்சாவளி வேண்டும். வைட்டமின் ஏ மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும், சில மரபுவழி விழித்திரை நோய்களில் கண்ணுக்கே கேடு.